ஜனவரியில் சரியாக இருந்த தோட்டா ஆகஸ்டில் முரண்டு பிடிப்பது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இலக்குச் சுடுதலையும் வேட்டையையும் பொழுதுபோக்காகக் கொண்ட வட அமெரிக்க வாசகர்களுடையவை. ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர் (அடிபட்டதும் தீமூட்டும் சிறு மூடி), பவுடர் (எரிமருந்து), குண்டு ஆகியவற்றைப் பொருத்தித் தமக்கு வேண்டிய தோட்டாவைத் தாமே தயாரித்துக்கொள்ளும் ரீலோடிங் அங்கே பரவலான, சட்டம் அனுமதிக்கும் பழக்கம். கேள்விகள் பலவாக இருந்தாலும் எல்லாம் பவுடரின் வெப்பநிலையையே சுற்றிவருவதால் ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறோம்.

கேள்வி (டெக்சாஸ் வாசகர்): ஜனவரி மாதத்தில், 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில், என் .308 வின்செஸ்டர் துப்பாக்கிக்குப் பவுடரைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்து, அழுத்த அறிகுறி எதுவும் தெரியாத உச்ச அளவைக் கண்டுபிடித்து, அந்த அளவில் நிறையத் தோட்டாக்களைத் தயாரித்து வைத்தேன். அவற்றையே ஆகஸ்டில் 100 டிகிரி வெயிலில் சுட்டபோது போல்ட்டை (தோட்டா இருக்கும் அறையை மூடும் தாழை) தூக்க முடியாமல் கையால் தட்ட வேண்டியதாயிற்று, பிரைமர்களும் தட்டையாகிவிட்டன. தராசு தவறா, பவுடர் கெட்டுவிட்டதா?

பதில்: தாங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டின்மீதும் பழி போட வேண்டியதில்லை. தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லாப் பவுடர் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. மிக வேகமாக எரிகிறது. ஒவ்வொரு குருணையும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது என்பதைப் பிரெஞ்சுப் பீரங்கி அதிகாரி பியோபெர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கூறிவிட்டார். அடுத்த அடுக்கில் தீப்பற்ற வேண்டுமானால், அந்த அடுக்கு முதலில் ஏறக்குறைய 170, 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். ஜனவரியில் 4 டிகிரி செல்சியஸில் இருந்த குருணை ஏறத்தாழ 170 டிகிரி ஏற வேண்டியிருந்தது. ஆகஸ்டில் 38 டிகிரியில் இருந்த அதே குருணைக்கு அந்த ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெயிலே முடித்துக் கொடுத்துவிட்டது. இது தோராயக் கணக்குதான்; ஆயினும் திசை சரியானது.

இதோடு நின்றால் பெரிய பாதிப்பு இருக்காது. புகையில்லாப் பவுடரை 1884-இல் உருவாக்கிய பால் வியெய் கண்டறிந்த விதி ஒன்று இதன்மீது ஏறிக்கொள்கிறது: சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூடப் பவுடர் எரியும் வேகமும் கூடும். சூடான பவுடர் சற்றே விரைவாக எரியத் தொடங்குகிறது. குண்டு இன்னும் நகரத் தொடங்காததால் வாயு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் எரிவதை மேலும் விரைவாக்குகிறது. ஆகவேதான் குண்டின் வேகத்தில் சிறு உயர்வு மட்டுமே தெரிந்தாலும், உச்ச அழுத்தம் அதைவிடப் பெரிய விகிதத்தில் உயர்ந்துவிடுகிறது. வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஆகஸ்டு நிகழ்வைவிட ஜனவரி முடிவுதான். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. விதித்துள்ள அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தட்டையான பிரைமர், இறுகிய போல்ட், கூட்டின் அடியில் பதியும் பளபளப்பான வட்டத் தடம் ஆகியவை பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிய பிறகே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே அறிகுறி எதுவும் தெரியவில்லை என்பதை, வரம்புக்குள் இருக்கிறோம் என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. குளிர்காலத்தில் விளிம்பு வரை சென்று நின்றுகொண்டால், கோடை வந்து அப்பால் தள்ளிவிடும். மீதமுள்ள தோட்டாக்களைச் சுட வேண்டாம். குண்டைக் கழற்றிப் பவுடரை எடுத்துவிட்டு, கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். உச்ச அளவை முடிவு செய்வதென்றால், தாங்கள் சுடப்போகும் மிகச் சூடான நாளின் வெப்பத்தில் முடிவு செய்வதே முறை. கையேடுகளின் அழுத்த அளவீடுகள் ஏறக்குறைய 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 21 டிகிரி செல்சியஸில் வைத்திருந்த தோட்டாக்களைக் கொண்டு எடுக்கப்பட்டவை. அதில் டெக்சாஸின் ஆகஸ்டு அடங்கியிருக்கவில்லை.

கேள்வி (அரிசோனா வாசகர்): கடையில் சில பவுடர் டப்பாக்களில் வெப்பநிலையால் பாதிக்கப்படாதது என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா? ஒற்றை அடிப்படைப் பவுடர் நல்லது, இரட்டை அடிப்படைப் பவுடர் சூட்டுக்கு ஆகாது என்று நண்பர்கள் சொல்கிறார்களே?

பதில்: பாதிக்கப்படவே படாத பவுடர் எதுவும் இல்லை, குறைவாகப் பாதிக்கப்படுவது உண்டு. ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் மாற்றத்துக்குக் குண்டின் வேகம் வினாடிக்கு எத்தனை அடி மாறுகிறது என்பதே பேச்சுவழக்கில் உள்ள அளவுகோல். சூட்டுக்கு எளிதில் வசப்படும் பவுடர்கள் டிகிரிக்கு 1 முதல் 2 அடி வரை மாறக்கூடும். நல்ல நிலைத்தன்மை உள்ளவை அரை அடிக்குள் நிற்கும். முதல் கேள்வியில் உள்ள 60 டிகிரி வேறுபாட்டுக்குக் கணக்கிட்டால், டிகிரிக்கு ஒன்றரை அடி மாறும் பவுடர் வினாடிக்கு 90 அடி வேகம் கூடுதலாகக் காட்டும்; 0.3 அடி மாறும் பவுடர் 18 அடியோடு நின்றுவிடும். வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் செல்லும் 175 கிரெய்ன் குண்டு, 30 அடி வேகம் மாறினாலே 1,000 கெஜத்தில் சுமார் 10 அங்குலம் மேலோ கீழோ விலகும். நெடுந்தூரப் போட்டியாளர்கள் இந்தப் பவுடர்களைத் தேடி அலைவது அதனால்தான்.

ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசை இதில் பெயர்பெற்றது. வார்கெட், எச்-4350, எச்-1000 முதலிய அந்த வரிசைப் பவுடர்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள முல்வாலா ஆலையிலிருந்து வருகின்றன. 2007-இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் தோட்டாவும் எச்-4350 பவுடரும் பிரியாத ஜோடி என்றே போட்டியாளர்களிடையே ஆகிவிட்டன.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ளது ஒற்றை அடிப்படை. அதோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது இரட்டை அடிப்படை. நைட்ரோகிளிசரின் ஆற்றலைக் கூட்டுகிறது. பழைய இரட்டை அடிப்படைப் பவுடர்கள் பலவும் வெயிலில் துள்ளியது மெய். ஆனால் அல்லயன்ட் நிறுவனத்தின் ரீலோடர் 22 சூட்டுக்கு வளைந்து கொடுப்பதற்குப் பேர்போனது என்றால், அதே நிறுவனத்தின் ரீலோடர் 16, நைட்ரோகிளிசரின் இருந்தும் நிலையாக நிற்கிறது. மறுபக்கம், பழைய ஐ.எம்.ஆர். 4350 ஒற்றை அடிப்படைதான். பெயரில் நெருங்கிய உறவினரான எச்-4350 அளவுக்கு அது நிலையானதல்ல. உருண்டைப் பவுடர்களுக்கும் நீண்டகாலமாக இருந்துவந்த கெட்ட பெயரை, வின்செஸ்டரின் ஸ்டாபால் 6.5 போன்ற அண்மைக்கால வரவுகள் மாற்றப் பார்க்கின்றன. குருணையின் வடிவம், அதன்மேல் பூசப்படும் எரிதடுப்புப் பூச்சு, அந்தப் பூச்சு எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்தே குணத்தைத் தீர்மானிக்கின்றன. பூச்சின் நுணுக்கங்களை நிறுவனங்கள் வெளியில் சொல்வதில்லை.

டப்பாவின்மேல் எழுதியிருப்பதை நான் முற்றிலும் ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் நிலைத்தன்மை என்பது டப்பாவுக்குள் இருக்கும் பவுடருக்கு மட்டுமே உரிய குணமன்று. ஒரே பவுடர் .223 ரெமிங்டனில் ஒரு விதமாகவும் .308-இல் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். பிரைமர், குண்டின் எடை, கூடு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த அழுத்தத்தில் எரிகிறது என்பவற்றைப் பொறுத்து டிகிரிக்கு இத்தனை அடி என்ற எண் மாறும். அந்த மாற்றம் எல்லா வெப்பநிலையிலும் ஒரே சீராகவும் இருப்பதில்லை: 30 முதல் 80 டிகிரி வரை அசையாமல் நின்ற பவுடர் 100-ஐத் தாண்டியதும் தாவுவது உண்டு. விளம்பரத்தில் காட்டப்படும் எண் குறிப்பிட்ட ஒரு தோட்டாவில், குறிப்பிட்ட ஒரு சோதனைத் துப்பாக்கிக் குழலில் எடுத்தது. தங்கள் துப்பாக்கிக்கான எண்ணைத் தாங்களே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி (கொலராடோ வாசகர்): அந்த எண்ணை வீட்டிலிருந்தபடி அளப்பது எப்படி? இளவேனிலில் ஒரு காலையிலும் அதே நாள் பிற்பகலிலும் ஐந்தைந்து தோட்டா சுட்டுப் பார்த்தேன், டிகிரிக்கு 0.9 அடி என்று வந்தது. சரியா?

பதில்: காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 15 டிகிரி வேறுபாடு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தங்கள் தோட்டாக்களின் வேகம் ஒன்றுக்கொன்று 10 அடி திட்ட விலக்கத்தில் மாறுகிறது என்றால் (வீட்டில் தயாரிக்கும் தோட்டாவுக்கு அது நல்ல எண்), ஐந்து தோட்டாவின் சராசரியிலேயே ஏறத்தாழ நாலரை அடி ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு சராசரிகளைக் கழிக்கும்போது அந்த ஐயம் ஆறடிக்கு மேல் போய்விடுகிறது. அதை 15-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 0.4 அடி. அதாவது, தாங்கள் கண்ட 0.9 என்பது உண்மையில் 0.5-ஆகவும் இருக்கலாம், 1.3-ஆகவும் இருக்கலாம், அதற்கு அப்பாலும் போகலாம். அதே ஐந்து தோட்டாவை 60 டிகிரி இடைவெளியில் சுட்டிருந்தால் ஐயம் 0.1 அடியாகச் சுருங்கும். இந்தச் சோதனையில் பவுடரைக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட வெப்பநிலை இடைவெளியை அகலமாக்குவதே அதிகப் பலன் தரும்.

அதற்குப் பருவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே உள்ள, பாதுகாப்பானது என்று முன்பே தெரிந்த ஓர் அளவில் தோட்டாக்களைத் தயாரித்துக்கொள்ளுங்கள். ஈரம் புகாத பையில் இட்டு ஒரு பங்கைப் பனிக்கட்டி வைத்த ஐஸ்பெட்டியிலும், மற்றொரு பங்கை இளஞ்சூடான நீர்ப்புட்டிகள் வைத்த இன்னொரு பெட்டியிலும் பல மணி நேரம் இருக்க விடுங்கள். பெட்டியின் காற்று சூடாவதற்கும் கூட்டுக்குள் இருக்கும் பவுடர் சூடாவதற்கும் இடையே நேரம் பிடிக்கும். பிரைமர் இல்லாத ஒரு கூட்டில் பவுடரை நிரப்பி, அதனுள் வெப்பமானியின் முனையைச் செருகி மற்றவற்றோடு வைத்துவிட்டால், பவுடரின் உண்மையான வெப்பநிலையை அது காட்டிக்கொடுக்கும். சூட்டுப் பெட்டி 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்ட வேண்டாம். அடுப்பு, ஹேர் டிரையர், கொதிநீர் ஆகியவற்றின் பக்கம் தோட்டாவைக் கொண்டுபோகவே கூடாது.

சுடும்போது குளிர்ந்தது ஒன்று, சூடானது ஒன்று என மாற்றி மாற்றிச் சுடுங்கள். குளிர்ந்தவற்றையெல்லாம் முதலில் சுட்டு முடித்தால், அதற்குள் குழல் சூடேறிவிடும். பிறகு வரும் வேக உயர்வு பவுடரால் வந்ததா, குழலால் வந்ததா என்று பிரிக்க முடியாது. பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவைச் சில வினாடிகளுக்குள் சுட்டுவிட வேண்டும். வேகத்தை அளக்க இப்போது வரும் டாப்ளர் ரேடார் கருவிகள், வெளிச்சத்தை நம்பியிருந்த பழைய ஒளித்திரைக் கருவிகளைவிட வசதியானவை.

குண்டின் பாதையைக் கணக்கிடும் கைபேசிச் செயலியில் இந்த எண்ணை இடும்போதும் ஒரு கவனம் தேவை. செயலி கேட்கும் காற்றின் வெப்பநிலையும் பவுடரின் வெப்பநிலையும் ஒன்றல்ல. காற்று சூடானால் அடர்த்தி குறைந்து குண்டுக்கு எதிர்ப்பு குறைகிறது; அது தனிக் கணக்கு. காற்று 70 டிகிரியாக இருக்கும்போதே, வெயிலில் திறந்து வைத்த பெட்டியிலுள்ள தோட்டா 100 டிகிரியைத் தொட்டிருக்கலாம்.

கேள்வி (ஆல்பர்ட்டா வாசகர்): எங்கள் ஊரில் நவம்பர் வேட்டைப் பருவத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை போகும். கோடையில் குறி சரிசெய்த துப்பாக்கியை அப்படியே நம்பலாமா?

பதில்: மான் வேட்டைத் தூரத்துக்கு நம்பலாம். கோடையில் வினாடிக்கு 2,900 அடி வேகம் தரும் தோட்டா, சூட்டுக்கு எளிதில் வசப்படும் பவுடரில் தயாரித்ததாகவே இருந்தாலும், 50 டிகிரி செல்சியஸ் வீழ்ச்சியில் சுமார் 135 அடியை இழக்கும். 300 கெஜத்தில் அதனால் ஏற்படும் கூடுதல் இறக்கம் ஏறக்குறைய 2 அங்குலம். உயிர்நிலைப் பகுதியின் அளவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. அந்தக் குளிரில் காற்றே சாதாரண நாளைவிட ஏறத்தாழ 18 சதவீதம் அடர்ந்திருக்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும். நெடுந்தூரம் சுடுபவர் இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிரில் வேகத்தைவிடப் பெரிய சிக்கல் தீப்பற்றுவதில் வரும். மெதுவாக எரியும் பவுடர் நிறைய நிரப்பிய பெரிய கூடுகளில் சாதாரண பிரைமர் தடுமாறும். விசையை அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதித்துச் சுடும் நிலைகூட வரலாம். கூடுதல் வலுவோடு தீமூட்டும் மேக்னம் பிரைமர் அதற்காகவே உள்ளது. ஆனால் பிரைமரை மாற்றினால் பவுடர் அளவைக் குறைத்துத் தொடக்கத்திலிருந்தே படிப்படியாக ஏற வேண்டும். போல்ட்டில் உறைந்துபோன கெட்டி எண்ணெயையும் பாருங்கள். குளிர்காலத்தில் பவுடர்மேல் சாட்டப்படும் பழிகளில் ஒரு பங்கு அந்த எண்ணெய்க்கு உரியது.

கேள்வி (சென்னை வாசகர்): நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை அமைந்ததற்கும் தாங்கள் எழுதும் வெப்பநிலைப் பிரச்சினைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரான தொடர்பு இல்லை, ஆனால் கார்டைட்டுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிரிட்டனில் பிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டீவாரும் 1889-இல் உருவாக்கிய கார்டைட் என்னும் புகையில்லாப் பவுடரில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் துப்பாக்கிப் பஞ்சு (நைட்ரோசெல்லுலோஸ்), 5 சதவீதம் வாசலின் இருந்தன. குழலை அது மிக விரைவாக அரித்ததால், பின்னர் நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். அருவங்காட்டு ஆலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இன்று அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. நைட்ரோகிளிசரின் தயாரிப்பில் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பதே பெரும்பாடு என்பதால் குளிர்ந்த மலை அதற்குத் தோதானது. ஆனால் அது உற்பத்தியின் பாதுகாப்பு பற்றியது. சுடும்போது பவுடர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்த வேறு விஷயம் இந்தியக் காடுகளிலும் ஆப்பிரிக்கச் சமவெளிகளிலும் நன்றாகவே உணரப்பட்டது. இங்கிலாந்தின் குளிரில் சோதித்த கார்டைட் தோட்டாக்கள் இந்தியக் கோடையில் அழுத்தம் ஏறி, சுட்ட கூடு துப்பாக்கி அறையில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்தன. சுடுவது யானையையோ காட்டெருமையையோ என்னும்போது, இரண்டாவது தோட்டாவை ஏற்ற முடியாமல் நிற்பது என்னவாக முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே கைனாக் போன்ற தயாரிப்பாளர்கள் வெப்ப நாடுகளுக்கென்றே பவுடரைச் சற்றுக் குறைத்த தனித் தோட்டாக்களை விற்றார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பி தோட்டாவின் கூடு அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்: இடம் தாராளமாக இருந்தால் அழுத்தம் தாழ்வாக நிற்கும், வெயில் ஏற்றிவிட்டாலும் கூடு ஒட்டாது. பவுடரைத் திருத்த வழியில்லாத காலத்தில் கூட்டைத் திருத்திச் சமாளித்திருக்கிறார்கள். எனக்கு அது இன்றைய பூச்சு நுட்பங்களுக்குக் குறையாத பொறியியலாகவே படுகிறது.

கேள்வி (நெவாடா வாசகர்): ஒரு பெட்டித் தோட்டாவை மூடிய காருக்குள் கோடை முழுவதும் வைத்துவிட்டேன். குளிரவைத்துச் சுடலாமா?

பதில்: இங்கே இரண்டு தனித்தனிக் கேடுகள் உள்ளன. காரின் முன்பலகை வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டோடு சுட்டால் முதல் பதிலில் சொன்ன அழுத்த உயர்வு நேரும். குளிர்ந்ததும் அது நீங்கிவிடும். நீங்காதது மற்றொன்று: நெடுநாள் சூட்டில் நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே சிதைந்து அமில வாயுவை வெளியிடும், அந்த வாயு சிதைவை மேலும் விரைவுபடுத்தும். அதை உறிஞ்சிக்கொள்ள டைஃபீனைல் அமீன் போன்ற நிலைநிறுத்திகளைப் பவுடரில் சேர்க்கிறார்கள். அவை தீர்ந்துபோனால் காப்பில்லை. பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இயேனா 1907-இலும் லிபெர்த்தே 1911-இலும் தூலோன் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியதற்கு, இப்படிச் சிதைந்த பவுடரே காரணமாகச் சொல்லப்பட்டது. வெப்பநிலையால் வேகம் மாறாத பவுடர் என்பதற்கும் வெயிலில் கெடாத பவுடர் என்பதற்கும் பொருள் வேறு. முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கோடையில் தரமான தோட்டா அவ்வளவு தூரம் கெட்டுவிடாது என்றாலும், ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள். நல்ல பவுடரில் ஈதர் போன்ற மெல்லிய வாடை இருக்கும். மூக்கைக் குத்தும் புளித்த வாடை, துருநிறத் தூசி, குண்டின் அடியில் பச்சைப் படிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிறேன். இங்கே வீட்டில் ரீலோடிங் செய்யலாமா?

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் அதற்குப் போதாது.

கேள்வி (ஒன்டாரியோ வாசகர்): போட்டியில் முதல் எட்டுத் தோட்டாக்கள் இலக்கின் நடுவில் விழுந்தன, காற்றுக்காகக் காத்திருந்து சுட்ட ஒன்பதாவது மட்டும் மேலே போய்விட்டது. பவுடர் நிலையானது என்று பெயர்பெற்ற வகைதான்.

பதில்: காத்திருந்தபோது தோட்டா எங்கே இருந்தது என்பதே கேள்வி. எட்டுத் தோட்டா சுட்ட குழலின் அறை நன்றாகச் சூடேறியிருக்கும். அதற்குள் போல்ட்டை மூடிவிட்டுக் காற்று அடங்கக் காத்திருந்தால், பித்தளை வழியாகச் சூடு விரைவாகப் பவுடருக்கு இறங்கிவிடும். நேரம் நீண்டால் அது கோடை நாளின் வெப்பத்தையும் மிஞ்சிவிடக்கூடும். எந்த நிறுவனமும் தன் பவுடரை அந்த வெப்பத்துக்கென உத்தரவாதம் செய்யவில்லை. தொடர்ந்து சுட்டுச் சூடேறிய இயந்திரத் துப்பாக்கிகளில் விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிப்பதும் இதே காரணத்தால்தான். காற்றைக் கணித்து முடிக்கும்வரை தோட்டாவை நிழலில் வைத்துக்கொண்டு, சுடத் தயாரான பிறகே அறைக்குள் தள்ளுங்கள். உள்ளே தள்ளிய பிறகு காற்று மாறிவிட்டால், தோட்டாவை வெளியே எடுத்துத் தனியே வைத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது நல்லது.